கோப்பையும் கொடியும்

கண்டியின் நாட்டு மருந்துக் கடைகளிலும், மாவனெல்லை, மாத்தளை வீதியோரங்களில் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் மூலிகைத் தோட்டங்களிலும் மரத்தில் கடைந்த ஒரு கோப்பை விற்பனைக்கு இருக்கும். பார்வைக்குச் சாதாரணமானது, கைப்பிடி கூட இராது. இரவு தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் விடியும்போது அந்தத் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் செம்பழுப்பாக மாறியிருக்கும். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதை வெறும் வயிற்றில் குடிப்பார்கள். சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்றும் தமிழ் மருத்துவ நூல்களில் பொன்கொரண்டி என்றும் பெயர் பெற்ற சலேசியா ரெட்டிகுலாட்டா என்ற காட்டுக்கொடிதான் அந்தக் கோப்பையின் மரம். கோப்பையைக் கையில் எடுப்பவர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இது உண்மையிலேயே இரத்தத்தின் சீனியைக் குறைக்குமா என்பது ஒன்று. ஒரு கொடி கோப்பை கடையும் அளவுக்குப் பருக்க எத்தனை ஆண்டு எடுத்திருக்கும், வெட்டிய இடத்தில் இன்னொன்று வளருமா என்பது மற்றது. முதற் கேள்வி மருத்துவபீடத்துக்கும் இரண்டாவது தாவரவியல் துறைக்கும் உரியவை என்று பங்கு பிரித்துவிட்டோம். இரண்டும் ஒரே கேள்வி என்பதும், இரண்டாவதற்கு விடை தேடாமல் முதலாவதற்குச் சொல்லும் விடை நோயாளிக்கே அரைகுறை விடைதான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மருத்துவச் சான்றுகளைப் பார்ப்போம். 2005–06 காலப்பகுதித் தரவுகளை வைத்து 2008 இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இலங்கையின் வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. 2018–19 இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வு அந்த அளவை 23 சதவீதமாகக் காட்டியது. இரண்டின் அளவுகோல்களும் ஒன்றல்ல என்றாலும் நோய் போகும் திசையில் ஐயமில்லை. இந்தப் பின்னணியில் கொத்தல ஹிம்புட்டு பற்றிய ஆராய்ச்சி வெறும் ஆர்வக்கோளாறு அல்ல. 1997 இல் ஜப்பானின் கியோத்தோ மருந்தியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசயூக்கி யோஷிகாவாவின் குழு இக்கொடியிலிருந்து சலசினோல் என்ற சேர்வையைப் பிரித்தெடுத்தது. அடுத்து வந்த சேர்வைக்குக் கொடியின் சிங்களப் பெயரை ஒட்டியே கொட்டலனோல் என்று பெயர் வைத்தார்கள். நாம் உண்ணும் சோற்றின் மாப்பொருளைச் சிறுகுடலில் கடைசிக் கட்டத்தில் குளுக்கோசாக உடைக்கும் நொதியத்தை இவை தடுக்கின்றன. அதனால் சாப்பாட்டுக்குப் பின் சீனி திடுமென ஏறாது. ஆங்கில மருந்துகளில் அகார்போஸ் செய்யும் வேலையும் இதுதான். 2005 இல் இலங்கை மருத்துவர்கள் 51 நோயாளிகளிடம் கொத்தல ஹிம்புட்டுத் தேநீரைச் சோதித்தார்கள். மூன்று மாதம் மருந்து, மூன்று மாதம் போலி மருந்து. எது எப்போது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, மருந்து குடித்த காலத்தில் அரைச் சதவீத அளவில் இறங்கியது. ஐம்பத்தொரு பேர், ஆறு மாதம் என்பது சிறிய சோதனைதான். ஆனாலும் கோப்பையின் செம்பழுப்புத் தண்ணீர் வெறும் நம்பிக்கை மட்டுமல்ல என்று சொல்ல அது போதும்.

இனி அந்தச் சேர்வை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சலசினோல் போன்ற பொருள்களைத் தாவரம் நமக்காக உண்டாக்குவதில்லை. ஓடித் தப்ப முடியாத ஓர் உயிர், தன்னைத் தின்ன வருபவற்றையும் பூஞ்சைகளையும் சமாளிக்கக் கையாளும் இரசாயனத் தற்காப்பின் பகுதியாகவே இத்தகைய துணை அனுசேபப் பொருள்கள் பெரும்பாலும் விளங்குகின்றன. அதனால்தான் அவற்றின் அளவு இனத்துக்கு இனம், உறுப்புக்கு உறுப்பு, இடத்துக்கு இடம் மாறுகிறது. கண்டிச் சீமை இதை ஒருமுறை பெருஞ்செலவில் கற்றிருக்கிறது. மலேரியாவுக்குக் குயினைன் எடுக்க 1861 இல் ஹக்கலையில் ஒரு தோட்டம் திறந்து சின்கோனா வளர்த்தார்கள். கோப்பிச் செடியை நோய் அழித்த பிறகு மலையகத் துரைமார் சின்கோனாவை மளமளவென்று நட்டார்கள். 1880களில் இலங்கைப் பட்டை உலகச் சந்தையை நிரப்பியது. ஆனால் ஜாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த சின்கோனா இனத்தில் குயினைன் பன்மடங்கு கூடுதலாக இருந்தது. விலை விழுந்தது, மரங்கள் பிடுங்கப்பட்டன, தேயிலை ஏறியது. பெயரளவில் இரண்டும் சின்கோனாதான். எந்த இனம், எந்த மண், எந்த வயதுப் பட்டை என்பதிலே மருந்தின் வலிமையும் ஒரு தொழிலின் தலைவிதியும் அடங்கியிருந்தன. ஆகவே, “இந்த மூலிகை வேலை செய்கிறது” என்ற வாக்கியம் தனியாக நிற்காது. எங்கே வளர்ந்த, எத்தனை வயதான, எந்த உறுப்பு என்பது சேர்ந்தால்தான் அது அறிவியல் வாக்கியமாகும்.

கொடியின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை இன்னும் இறுக்கமாகிறது. கொத்தல ஹிம்புட்டு, காட்டின் பெரிய மரங்களைப் பற்றி ஏறி உச்சியில் வெயில் தேடும் மரக்கொடி. தன்னைத் தாங்கும் மரம் இல்லாமல் அது முழு உருவம் பெறாது. மருந்துக்கு எடுப்பது வேரும் தண்டும். இலை பறித்தால் கொடி தளிர்க்கும். பழம் பறித்தால் விதையில் ஒரு பங்குதான் குறையும். வேரைத் தோண்டினால் கொடியே முடிந்தது. கோப்பைக்கு இதைவிடக் கடுமையான தேவை உண்டு. உள்ளே குடைந்த பிறகும் சுவர் உடையாத கனம் வேண்டுமானால், காட்டில் எஞ்சியிருக்கும் ஆக முதிர்ந்த கொடிகளையே தேடி வெட்ட வேண்டும். பூத்துக் காய்த்து அடுத்த தலைமுறையைத் தருபவையும் அவைதான். இன்று இலங்கையில் அழிவச்சுறுத்தல் உள்ள தாவரங்களின் வரிசையில் இக்கொடி இருக்கிறது; ஏற்றுமதிக்குச் சட்டக் கட்டுப்பாடும் இருக்கிறது. நூறு நோயாளிக்கு இந்த மருந்து நல்லதென்று ஓர் ஆய்வு நிறுவினால், அது பத்தாயிரம் கோப்பைகளுக்கான கேள்வியையும் கூடவே உண்டாக்குகிறது. ஆய்வாளர் எழுதாவிட்டாலும் சந்தை அந்த முடிவுரையை எழுதிவிடும்.

காடு குறைந்தால் மருந்து அரிதாகும், அவ்வளவுதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அரிதான மூலிகை சந்தையிலிருந்து மறைவதில்லை. அதன் பெயரில் வேறொன்று வந்து உட்காருகிறது. இரு மொழி பேசும் கண்டியில் இதற்கு ஓர் அழகான, ஆபத்தான உதாரணம் உண்டு. சிங்கள வைத்தியர் காய்ச்சலுக்கு எழுதும் பின் கொஹொம்ப என்ற பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நிலவேம்பு. ஆனால் பின் கொஹொம்ப என்பது முன்ரோனியா பின்னாட்டா. வேப்பமரத்தின் சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, நிழற்காட்டின் தரையில் வளரும் சிறு செடி. தமிழர் நிலவேம்பு என்று குடிநீர் காய்ச்சுவதோ அன்ட்ரோகிராபிஸ் பனிகுலாட்டா. வேம்போடு எந்த உறவும் இல்லாத வேறு குடும்பம். இரண்டுக்கும் பொது, வாயை விட்டு அகலாத கசப்பு மட்டுமே. முதலாவது அருகி விலை ஏற ஏற, அதன் இடத்தில் இரண்டாவது விற்கப்படுகிறது. மரமஞ்சள் கதையும் இப்படித்தான். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அது வெனிவேல் என்ற கொசினியம் கொடி; வட இந்தியாவில் அதே மருந்துப் பெயருக்கு இமயமலைப் புதர் ஒன்று நிற்கிறது. கொவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சிய பஸ்பங்குவ கசாயத்தின் ஐந்து சரக்குகளில் வெனிவேலும் ஒன்று. கொத்தமல்லியையும் இஞ்சியையும் ஒரு போகத்தில் விளைவிக்கலாம். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறாக, மெதுவாக முளைத்து மெதுவாகப் பருக்கும் வெனிவேலை அப்படி விளைவிக்க முடியாது. ஆனால் பொதியில் ஐந்தும் ஒரே விலைக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

சரக்கு மாறினால் என்ன ஆகிவிடும் என்பதற்கு உலகம் அறிந்த பாடம் பெல்ஜியத்தில் கிடைத்தது. பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை எடுத்த பெண்களின் சிறுநீரகம் செயலிழந்ததை 1993 இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். ஸ்டெபானியா என்ற வேருக்குப் பதிலாக, ஒலிப்பில் நெருங்கிய சீனப் பெயருள்ள அரிஸ்டலோக்கியா வேர் கலந்திருந்தது. பாதிக்கப்பட்டோர் நூறைத் தாண்டினர். பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது. நம் ஈஸ்வரமூலியும் அதே பேரினம் என்பதை நினைத்துப் பார்த்தால் இது தூரத்துக் கதையாகத் தோன்றாது. பெயர் மாறாத இடத்திலும் அளவு மாறினால் ஆபத்துதான். காமரங்காய் அதிகம் உண்டதால் ஆக்சலேட் உப்பு சிறுநீரகத்தில் படிந்து நோயுற்றவர்களைக் கண்டி, பேராதனை மருத்துவர்கள் 2015 இல் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். நீரிழிவுக்கு நல்லதென்று வீட்டுமுற்றத்துக் காயை நம்புவோர் அதிகமுள்ள நாட்டில் அது முக்கியமான பதிவு. இவற்றைக் கோர்த்துப் பார்த்தால் சங்கிலி தெளிவாகிறது. காட்டில் தொகை குறைகிறது, விலை ஏறுகிறது, மாற்றுச் சரக்கு நுழைகிறது, நோயாளியின் சிறுநீரகமோ ஈரலோ அதன் விலையைக் கொடுக்கிறது. சூழலியல் கணக்கெடுப்பு என்பது இங்கே மருந்துப் பாதுகாப்பின் முதற் படி.

மருத்துவத்துக்கும் தாவரவியலுக்கும் இடையிலான பிரிவினை எப்போதும் இருந்ததும் அல்ல. 1821 இல் தொடங்கிய பேராதனைத் தாவரவியற் பூங்காவை 1880 முதல் 1896 வரை நடத்திய ஹென்றி டிரைமன் மருத்துவம் படித்தவர். இலங்கைத் தாவரங்களுக்கு இன்றும் அடிப்படையாக உள்ள கைநூலைத் தொடங்குமுன், மூலிகைத் தாவரங்கள் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து பல தொகுதிகள் எழுதியிருந்தார். அவர் காலத்தில் ஒரே மேசையில் கிடந்த இரு துறைகள் பின்னர் இரு கட்டடங்களாயின. ஆனால் பழைய ஒற்றுமையைப் பொற்காலமாக்கவும் கூடாது. மருந்துக்கும் அழகுக்கும் என்று அதே பூங்காவின் வழியாக வந்த தாவரங்கள் காட்டுக்கு நோயாகவும் ஆயின. 1826 இல் அலங்காரச் செடியாக வந்த லன்டானா, இன்று நாடெங்கும் புதராய் மண்டிக் கிடக்கிறது. இருமல் பாணிகளில் சேரும் நறும்பிசினைத் தரும் தென்னமெரிக்க டோலு பால்சம் மரம், தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகலைக் காட்டில் பெருகிவிட்டது. ஏறத்தாழ 100 ஹெக்டேயர் பரப்புள்ள அந்த நகரக் காட்டின் சில பகுதிகளில் தரையைப் பார்த்தால், காற்றில் சுழன்று விழுந்த அதன் இறகு விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் நாற்றுமேடைபோல நெருங்கி நிற்கின்றன. உள்நாட்டு மரக்கன்றுக்கு அங்கே வெளிச்சம் இல்லை. அந்த மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பிசினை அறிந்திருந்தார்கள். அதன் விதை எப்படிப் பரவும் என்று கேட்கவில்லை. மருந்தியல் கேள்வியைச் சூழலியல் கேள்வியிலிருந்து பிரித்ததன் பலனை அரசர் காலத்துக் காடு ஒன்று அனுபவிக்கிறது.

இவ்வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை. முதலாவது வேதியியலாளரின் மறுப்பு: சேர்வையின் அமைப்பு தெரிந்துவிட்டது, 2000களின் தொடக்கத்திலேயே சலசினோலை ஆய்வுகூடத்தில் செயற்கையாக ஆக்கிவிட்டார்கள், பிறகு காட்டுக்கொடியைப் பற்றிக் கவலை ஏன்? இதற்கு மெட்ஃபோர்மினைச் சாட்சிக்கு அழைப்பார்கள். இன்று அரசாங்க கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கும் அந்த மாத்திரையின் மூலக்கதை, ஐரோப்பியப் புல்வெளிகளில் வளரும் கலேகா என்ற செடியில் தொடங்குகிறது. 1922 இல் மெட்ஃபோர்மினை ஆய்வுகூடத்தில் ஆக்கினார்கள். 1957 இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டேர்ன் நீரிழிவுக்குப் பயன்படுத்திக் காட்டினார். இப்போது அதற்காக ஒரு செடியும் வெட்டப்படுவதில்லை. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி. செயற்கைச் சலசினோல் ஆய்வுகூடத்தில் பிறந்து இரண்டு தசாப்தங்கள் கடந்தும் கடையில் விற்பது மரக்கோப்பையும் தண்டுத் தூளும்தான். வழி தெரிந்திருப்பதும் மலிவாக மாத்திரை வருவதும் வேறு வேறு. அது வரும்வரை சுமையைக் கொடிதான் தாங்குகிறது. கலேகா நமக்குச் சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு: அது அமெரிக்காவில் களையென்று ஒழிக்கப்படும் அளவுக்குப் பெருகும் செடி. அதை ஆராய்ந்ததால் எந்தக் காடும் குறையவில்லை.

இரண்டாவது மறுப்பு: தோட்டத்தில் பயிரிட்டால் போகிறது. இதுவும் நியாயமே, கண்டிக்கு மிகப் பொருத்தமும்கூட. பலாவும் ஈரப்பலாவும் கமுகும் மேலே, கராம்பும் சாதிக்காயும் நடுவே, மிளகுக்கொடி தண்டுகளில் என்று அடுக்கடுக்காக நிற்கும் கண்டி வீட்டுத்தோட்டத்தை வேளாண்காடு பற்றி எழுதும் உலக ஆய்வாளர்கள் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். மரத்தைப் பற்றி ஏறும் கொடிக்கு இதைவிட நல்ல இடம் எது? ஆனால் மிளகு சில ஆண்டுகளில் காய்க்கும். கோப்பைத் தடிப்புக்கு மரக்கொடி பருக்கும்வரை எந்தக் குடும்பமும் காத்திருக்காது. தூளுக்கும் தேநீருக்கும் இளந்தண்டு போதுமா, அதில் சலசினோல் எவ்வளவு, எந்த வயதில் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் என்பவை தெரிந்தால்தான் பயிரிடும் யோசனை உயிர்பெறும். அக்கேள்விகள் யாவும் மருந்தியலும் சூழலியலும் சந்திக்கும் இடத்தில் நிற்பவை. பயிரிடு என்ற மறுப்பு எம் வாதத்தைத் தோற்கடிக்கவில்லை. அதையே வேறு சொற்களில் சொல்கிறது.

மூன்றாவது மறுப்பு மனத்தைத் தொடுவது: நோயாளிக்கு இன்று மருந்து வேண்டும், காட்டைக் காட்டி அவரைக் காக்க வைப்பது வசதியுள்ளவர்களின் அறம். பாரம்பரிய வைத்தியர்கள் நூற்றாண்டுகளாக இதே கொடியை வெட்டியும் காடு அழியவில்லையே என்பது இதன் துணை வாதம். ஆனால் ஊர் வைத்தியர் தன் நோயாளிக்கு ஒரு துண்டு வேர் எடுத்ததும், பொதியும் கோப்பையுமாக நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் விற்பதும் ஒரே செயல் அல்ல. அளவே குணத்தை மாற்றிவிடுகிறது. ஏழை நோயாளி என்று யாரைச் சொல்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். ஹந்தானை மலைச்சரிவின் லயன் அறையில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு மூலிகை வளர்க்கத் தோட்டமும் இல்லை, விலை ஏறிய அசல் சரக்கை வாங்கப் பணமும் இல்லை. சரக்கு அரிதாகும்போது போலி முதலில் வந்து சேரும் இடம் அவருடைய வீடுதான். கேகாலையில் 2020 டிசம்பரில் கொவிட்டுக்கென்று சொல்லப்பட்ட ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்ற காட்சி, சோதிக்காத மருந்துக்கு மக்கள் கொடுக்கும் விலையைக் காட்டியது. வறியவரை முன்னிறுத்துபவர்கள் சான்றையும் சரக்கின் அடையாளத்தையும் தளர்த்தச் சொல்ல முடியாது.

ஆனால் இந்த மறுப்பு ஒரு நல்ல வழியையும் திறக்கிறது. நீரிழிவுக்குச் சோதிக்க எத்தனையோ தாவரங்கள் இருக்கும்போது, எதை முதலில் எடுப்பது? இலங்கையின் வேலிகளில் ஏறிக் கிடக்கும் கொவ்வைக்கொடியைப் பாருங்கள். அதன் இலையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவோடு சுண்டல் செய்வது எல்லாச் சமூகத்துக்கும் தெரிந்த சமையல். 2011 இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வில், நலமுள்ள 61 பேருக்கு 20 கிராம் கொவ்வை இலையைச் சாப்பாட்டோடு கொடுத்தபோது குளுக்கோஸ் ஏற்றம் குறைந்தது. 2021 இல் ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொவ்வையிலிருந்து ஆக்கிய மருந்தை நீரிழிவாளரிடமே மூன்று மாதம், போலி மருந்தோடு ஒப்பிட்டு, நல்ல பலன் கண்டார்கள். இவையும் முதற் படிகளே. நீண்டகாலப் பாதுகாப்பைச் சொல்லப் பெரிய சோதனைகள் வேண்டும். ஆனால் சூழலியலாளரின் கண்ணுக்கு இரு கொடிகளும் இரு துருவங்கள். ஒன்று காட்டின் உச்சியை எட்ட முதிர் மரமும் பல்லாண்டும் கேட்கிறது. உயிரைக் கொடுத்துத்தான் மருந்து தருகிறது. மற்றது வேலிக்கம்பியிலே வளர்கிறது. பறித்த இடத்தில் தளிர்க்கிறது. ஹவாய்த் தீவில் ஆக்கிரமிப்புக் களை என்று பெயரெடுக்கும் அளவுக்கு அடங்காதது. மருத்துவச் சான்று இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கையில், அடுத்த பெரிய சோதனைக்கான பணத்தை எதில் போடுவது என்ற முடிவைத் தாவரத்தின் இயல்பு தீர்மானிக்கலாம். இலை வேரை முந்தட்டும், வேலி காட்டை முந்தட்டும் என்பது உணர்ச்சி வாதம் அன்று. வழங்கல் நிலைக்கும் மருந்தையே நோயாளிக்கு எழுதவேண்டும் என்ற மருத்துவ வாதம்.

இதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. 1962 இல் தொடங்கிய பேராதனை மருத்துவபீடம், அதன் அயலில் தாவரவியல் துறை, வீதிக்கு அப்பால் பூங்காவும் தேசிய உலர்தாவரகமும், ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகம் என்று இக்கேள்விக்கு வேண்டிய அறிவெல்லாம் சில கிலோமீற்றருக்குள் கிடக்கிறது. மூலிகைச் சோதனை அறிக்கையில் தாவரத்தின் இலத்தீன் பெயர், உறுப்பு, தயாரித்த முறை ஆகியவற்றைக் கூறவேண்டும் என்று 2006 இலிருந்தே சர்வதேச வழிகாட்டல் உண்டு. சோதித்த தாவரத்தின் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி உலர்தாவரகத்தில் சேர்க்கும் மரபு அதைவிடப் பழையது. அந்தத் தாளின் வலப்பக்க மூலையில் ஒரு சிறிய சீட்டு இருக்கும்: பெயர், எடுத்த இடம், உயரம், திகதி, எடுத்தவர். மருந்தையும் காட்டையும் இணைக்கும் பாலம் அந்தச் சீட்டு. பெயர் வரியால் போலிச் சரக்கு அகப்படும். இட வரியால் வலிமையின் ஏற்றத்தாழ்வு விளங்கும். இனி அதில் ஒரு வரி கூட வேண்டும்: எடுத்த பிறகு அவ்விடத்தில் முதிர்ந்த கொடிகள் எத்தனை மிஞ்சின? அந்த வரி வெறுமையாக உள்ள எந்த மூலிகை ஆய்வையும் முடிந்த ஆய்வாக ஏற்கத் தேவையில்லை. கோப்பையில் ஊறிய தண்ணீர் சீனியைக் குறைக்கும் என்று நோயாளியிடம் சொல்லும்போதே, அந்தக் கோப்பை நிறம் வெளிறிய பிறகு அடுத்தது எங்கிருந்து வரும் என்பதற்கும் விடை கையில் இருக்க வேண்டும்.